அட்மிஷன் முடிவுக்குக் காத்திருக்கும்போது செய்யக் கூடாதவை

டிசம்பர் 15-ஆம் தேதி ராத்திரிதான் மாணவர்கள் மேற்படிப்பு விண்ணப்பத்தை அனுப்பியிருப்பார்கள். பொங்கல் முடிவதற்குள் "இன்னும் ஒண்ணும் வரலையே சார்" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பாளையங்கோட்டையில் பாடம் நடத்துகிறவன் என்பதால் ஒவ்வொரு தை மாதமும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி.க்குப் போட்டவர்கள் ஒரு பக்கம், ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் என்று இருப்பவர்கள் இன்னொரு பக்கம். நம் கையில் இல்லாத முடிவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, நம் கையில் இருக்கிற வேலையைக் கோட்டைவிடுவதுதான் இந்த மூன்று மாதங்களில் அதிகம் நடக்கிற தவறு.

முதலில் கைபேசி. வகுப்பில், பஸ்ஸில், சாப்பிடும்போது என்று பகல் முழுக்க மெயிலைத் திறந்து பார்க்கிறார்கள். குளிர்காலத்தில் நியூயார்க் நேரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே இரவு 7.30. அவர்கள் மாலை 5 மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது நமக்கு விடியற்காலை 3.30. கலிஃபோர்னியா என்றால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளும். அதாவது, நீங்கள் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் மத்தியான வேளையில் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கவேண்டிய ஆள் தூங்கிக்கொண்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் ஒரு தடவை பார்த்தால் போதும், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து. சனிக்கிழமை காலையில் பார்த்துவிட்டால் திங்கள் இரவு வரை கைபேசிக்கு லீவு கொடுக்கலாம்.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஜனவரியில்தான் பெரும்பாலான துறைகளில் பேராசிரியர் குழு விண்ணப்பங்களைப் படிக்கத் தொடங்கும். பிஎச்.டி. என்றால் எத்தனை பேருக்கு உதவித்தொகை கொடுக்க முடியும் என்ற கணக்கு முதலில் வரும். பல துறைகளில் நேர்காணலும் உண்டு. துறை பரிந்துரைத்த பிறகு பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத்தான் அதிகாரபூர்வக் கடிதம் வரும். பிஎச்.டி. முடிவுகள் பிப்ரவரியில் வரத் தொடங்கும். எம்.எஸ். முடிவுகள் மார்ச், ஏப்ரல் வரை இழுக்கும். ஆகவே ஜனவரி மாதத்து மௌனத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கமான போர்ட்டலில் எந்தெந்த ஆவணம் வந்து சேர்ந்தது என்று ஒரு பட்டியல் இருக்கும். மூன்று பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று வராமலே கிடக்கும். நம் பேராசிரியருக்குப் போன இணைப்பு, அவர் என்றைக்கோ ஒரு தடவை திறந்து பார்க்கும் கல்லூரி மெயிலில் தூங்கிக்கொண்டிருக்கும். முழுமையடையாத விண்ணப்பத்தைப் பல துறைகள் எடுத்துப் படிப்பதே இல்லை. நேரில் போய், "சார், இன்னும் ஏறலையாம்" என்று பணிவாக நினைவூட்டுவதில் தவறே இல்லை. போன் செய்வதைவிட ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நிற்பது வேலைக்கு ஆகும்.

அடுத்தது வாட்ஸ்அப் குழு. "எனக்கு வந்துட்டு" என்று ஒருவன் போட்டால், மற்ற நாற்பது பேருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரே துறை தன் முடிவுகளைப் பல தவணையாக அனுப்பும். அவன் போட்டது எம்.எஸ்., நீங்கள் போட்டது பிஎச்.டி.யாக இருக்கலாம். அவன் ஆராய்ச்சிப் பிரிவு வேறாக இருக்கலாம். அவனுக்கு வந்ததால் உங்களுக்கு இல்லை என்று எங்கும் எழுதியில்லை.

வாரம் ஒரு தடவை "எனி அப்டேட்?" என்று துறைக்கு மெயில் போடுவதும் அப்படித்தான், ஒரு புண்ணியமும் இல்லை. வேறு பல்கலைக்கழகம் குறிப்பிட்ட தேதிக்குள் பதில் கேட்கிறது, புதிய செமஸ்டர் மதிப்பெண் வந்திருக்கிறது, கட்டுரை ஒன்று இதழில் ஏற்கப்பட்டிருக்கிறது என்ற மாதிரி சொல்வதற்கு விஷயம் இருந்தால் நான்கு வரியில் எழுதுங்கள். விண்ணப்ப எண்ணைப் போட மறக்காதீர்கள்.

இனி, இந்த ஊரில் நான் அதிகம் பார்க்கிற இழப்புக்கு வருகிறேன்: கடைசி செமஸ்டர். அட்மிஷன் கடிதம் வந்தாலும் அது நிபந்தனையோடுதான் வரும். பட்டப்படிப்பை முடித்து, இறுதி மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றையும் காட்டவேண்டும். மார்ச் முழுக்கப் போர்ட்டலைப் பார்த்துவிட்டு ஏப்ரல் தேர்வில் ஒரு அரியர் வைத்தால், அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் நவம்பரில்தான். அமெரிக்காவில் வகுப்பு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். அப்புறம் எந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

காகித வேலையும் இப்போதே செய்யவேண்டியதுதான். தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில், பட்டம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். இரண்டு இடத்துக்கும் அலையவேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரின் எழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதும்போது நம்மவர்களுக்கு வரும் தலைவலி கொஞ்சநஞ்சமல்ல. ஜெர்மனிக்குப் போட்டவர்கள் 2022 நவம்பரிலிருந்து விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம் என்பதை நினைவில் வைத்து, அதை முன்கூட்டியே வாங்கிவிடவேண்டும்.

அதைவிடப் பெரியது பணத்துக்கான காகிதம். மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரவேண்டுமானால் குறைந்தது முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டவேண்டும். கல்விக்கடன் பெரிய தொகை என்றால் வங்கி பிணை கேட்கும். "அதான் நிலம் கிடக்கே" என்று அப்பா தைரியமாகச் சொல்வார். தாமிரபரணிக் கரை வயலாகவே இருக்கட்டும், விவசாய நிலத்தைப் பல வங்கிகள் கல்விக்கடனுக்குப் பிணையாக எடுப்பதில்லை. வீட்டைக் காட்டலாம் என்றால் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது சித்தப்பா பெரியப்பாவோடு கூட்டுப் பட்டாவாக இருக்கும். வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று தாலுகா அலுவலகத்துக்கும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் நடக்கவேண்டும். மும்பையில் இருக்கும் பெரியப்பா கையெழுத்துப் போட ஊருக்கு வரவேண்டும். மே மாதம் கடிதத்தோடு வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து இதைத் தொடங்கினால் ஆகஸ்டுக்குள் முடியாது. பிப்ரவரியில் தொடங்கினால் முடியும். அட்மிஷனே கிடைக்காமல் போனால்கூடப் பட்டா சரியானது லாபம்தானே.

உள்நாட்டுக் கதவுகளைச் சாத்திவிடுவது இன்னொரு தவறு. வெளிநாட்டு முடிவு வரட்டும் என்று, மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புக்கான க்யூட் பிஜி நுழைவுத் தேர்வின் விண்ணப்பத் தேதியை விட்டுவிடுகிறார்கள். எழுதியவர்களிலும் பாதிப் பேர், தேர்வு எழுதினால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமோ புதுச்சேரியோ தானாக அழைக்கும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகப் பதிவு செய்தால்தான் கணக்கு. எம்.டெக்.குக்கான கேட் தேர்வு எழுதியவர்களுக்கும் இதே கதை. ஐஐடிகளின் எம்.டெக். ஆஃபர்கள் வரும் சிஓஏபி தளத்தில் பதிவது மட்டும் போதாது, ஒவ்வொரு ஐஐடிக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். ஆஃபர் வந்ததும் மூன்று பொத்தான்கள் இருக்கும். 'அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்' அழுத்தினால் அதோடு முடிந்தது, அடுத்த சுற்று கிடையாது. 'ரீடெய்ன் அண்ட் வெயிட்' இதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்பது. 'ரிஜெக்ட் அண்ட் வெயிட்' அழுத்தினால் அந்த இடம் திரும்பி வராது. பயத்தில் முதலாவதை அழுத்துபவர்களும், வீறாப்பில் மூன்றாவதை அழுத்துபவர்களும் வருடா வருடம் உண்டு. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால் அதில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வின் மதிப்பெண்ணுக்கு அந்த வசதி இல்லை.

அபிஷேகப்பட்டியில் இருக்கும் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1990-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், குற்றவியலுக்குத் தனித் துறையே வைத்திருக்கிறது. ஊர்ப் பக்கம் இருப்பதாலேயே ஒரு இடம் மட்டமாகிவிடாது.

"உள்ளே ஆள் இருக்கு, சீட் உறுதி" என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவனைத் தேடித்தான் அவர்கள் வருகிறார்கள்.

சொந்தக்காரர்கள் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. தை மாதம் கல்யாண மாதம். மண்டபத்தில் இலை போடுவதற்குள் நான்கு பேர் கேட்டுவிடுவார்கள்: "ஏய்யா, அமெரிக்காவுக்கு எப்பம் போற?" அம்மா பெருமையில் எல்லாரிடமும் சொல்லியிருப்பார், தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டும் இருப்பார். அவர்மேல் எரிந்து விழுவதால் பயனில்லை. "ஏப்ரல் கடைசியிலதான் தெரியும் அத்தை" என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். தேதி சொல்லிவிட்டால் அதுவரை யாரும் கேட்கமாட்டார்கள். பெரும்பாலும்.

கடைசியில் கடிதம் வரும், விடியற்காலை மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். காலையில் காபி குடித்துவிட்டு முழுக்கப் படியுங்கள்: கட்டணச் சலுகை ஒரு வருடத்துக்கா, படிப்பு முடியும் வரையிலா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா? உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குள் ஒரு தீர்மானம் உண்டு. உதவித்தொகை இல்லாத எம்.எஸ். இடத்துக்கு அது பொருந்தாது, அங்கே அவர்கள் போட்ட தேதிதான் தேதி. காத்திருப்புப் பட்டியல் என்று வந்தால் நிராகரிப்பு என்று நினைத்து மூடிவிடாதீர்கள். ஏப்ரல் 15-ஐ ஒட்டி மற்றவர்கள் விடும் இடங்கள் அந்தப் பட்டியலுக்குத்தான் போகும். அதே காரணத்தால், நீங்கள் சேரப்போவதில்லை என்று முடிவான இடங்களுக்கு அன்றைக்கே 'வரவில்லை' என்று மெயில் போட்டுவிடுங்கள்.