ஃபெராரி 812 சூப்பர்ஃபாஸ்ட்: விவரப் பட்டியலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபெராரி 812 சூப்பர்ஃபாஸ்ட் 2017 ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமானது. முன்பக்கம் 6.5 லிட்டர் வி12 எஞ்சின். டர்போ கிடையாது, ஹைபிரிட் மோட்டார் கிடையாது. ஓட்டம் முழுக்கப் பின் சக்கரங்களுக்கு. இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு ஏறி நெடுந்தூரம் போகிற கிராண்ட் டூரிங் வகைதான், ஆனால் பந்தயக் காரின் வேகம். இதன் விவரப் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அதை எடுத்து எழுதுகிறவர்கள் எண்ணைப் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறார்கள். எண்ணோடு வந்த அலகும் அடிக்குறிப்பும்தான் வழியில் விழுந்துவிடுகின்றன.

பெயரிலேயே தொடங்கலாம். 812 என்றால் 8.1 லிட்டர் எஞ்சின் என்று நினைத்துவிடாதீர்கள். 8 என்பது 800 குதிரைத்திறன், 12 என்பது சிலிண்டர்கள். ஃபெராரி பெயர் வைப்பதில் ஒரே விதி கிடையாது. 550 மாரனெல்லோவில் 550 என்பது 5.5 லிட்டர். பழைய 365 ஜிடிபி/4 காரில் 365 என்பது ஒரு சிலிண்டரின் சிசி மட்டும். பன்னிரண்டால் பெருக்கினால் சுமார் 4.4 லிட்டர் வரும். எஃப்40 என்பதோ நிறுவனத்தின் நாற்பதாவது ஆண்டு. சிசி வேண்டுமென்றால் சிலிண்டரின் அளவைப் பாருங்கள். 812-ல் விட்டம் 94 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 78 மி.மீ. கணக்குப் போட்டால் 12 சிலிண்டருக்கும் சேர்த்து 6,496 சிசி.

அடுத்தது குதிரைத்திறன். ஒரு இடத்தில் 800 என்றும் இன்னொரு இடத்தில் 789 என்றும் பார்த்துவிட்டு, அமெரிக்காவுக்குப் போகிற காரில் சக்தியைக் குறைத்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே எஞ்சின்தான், 588 கிலோவாட். ஐரோப்பிய மெட்ரிக் குதிரைத்திறன் (பி.எஸ்., இத்தாலியில் சி.வி.) 735.5 வாட், ஆங்கிலேயக் குதிரைத்திறன் (பி.எச்.பி.) 745.7 வாட். இரண்டு கார்களை ஒப்பிடும்போது இது காலை வாரிவிடும். ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎஸ் சூப்பர்லெஜராவுக்கு 715 பி.எச்.பி. என்று போட்டிருப்பார்கள். 800-ஐ அதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் 85. ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால் 800-க்கு 725, அதாவது 75-தான். சந்தேகம் வந்தால் கிலோவாட்டைப் பாருங்கள். அதில் குழப்பமே வராது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது டார்க்தான். 812-க்கு 718 நியூட்டன் மீட்டர், அந்த ஆஸ்டனுக்கு 900. அப்படியானால் ஆஸ்டன்தானே முந்த வேண்டும்? நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஆஸ்டனுக்கு 3.4 விநாடி, 812-க்கு 2.9. எடையும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. டார்க் என்பது எஞ்சின் தண்டைத் திருகும் விசை. அது எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கிடைக்கிறது என்பதையும் சேர்த்தால்தான் சக்தி வரும். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட். 718 வருவது 7,000-ல். வகுத்துப் பாருங்கள், 526 கிலோவாட். முழுச் சக்தியான 588 கிலோவாட் வருவது 8,500-ல். அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் அந்த இடத்தில் டார்க் சுமார் 661-தான். டார்க் இறங்கிவிட்டது, சக்தி ஏறிவிட்டது. எஞ்சின் 8,900 வரை சுற்றும் என்பதால், குறைந்த கியரிலேயே நின்று சக்கரத்துக்கு அந்த விசையைப் பெருக்கிக் கொடுக்க முடிகிறது. டர்போ எஞ்சினான ஆஸ்டனில் 900 முழுவதும் 1,800-லேயே கிடைத்துவிடும். லேசாக மிதித்தாலே பிக்கப் கிடைக்கும், ஊருக்குள் ஓட்ட அது சுகம்தான். அதுவும் இதுவும் வேறு வேறு குணம். எண் பெரிதாக இருப்பதாலேயே ஒன்று வென்றுவிடாது.

‘718-ம் 8,500-லேயே கிடைக்கிறது’ என்று இரண்டு உச்சங்களையும் ஒரே வரியில் ஒட்டிவிடுவதும் இந்தத் தவறின் தம்பிதான்.

சரி, எடைக்கு வருவோம். ஃபெராரி பெரிய எழுத்தில் போடுவது 1,525 கிலோ. அது உலர் எடை: எரிபொருளோ மற்ற திரவங்களோ இல்லாமல் எடுத்தது. வீட்டு கேஸ் சிலிண்டரின் காலி எடையைச் சொல்லி விற்பது போலத்தான். அடிக்குறிப்பில் இன்னொன்றும் இருக்கும்: கூடுதல் காசு கொடுத்து வாங்கும் விருப்பப் பாகங்கள் பொருத்திய கார் அது. ஓடத் தயாரான நிலையில் எடை 1,630 கிலோ. நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம். 92 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டுமே எழுபது கிலோவை நெருங்கும் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. குதிரைத்திறனுக்கு இவ்வளவு கிலோ என்ற விகிதத்தை உலர் எடையில் போட்டால் 1.91, ஓடும் நிலையில் 2.04; எழுபத்தைந்து கிலோ ஓட்டுநர் உட்கார்ந்தால் 2.13. ஒரு காரின் உலர் எடையை இன்னொரு காரின் முழு எடையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கிற அநியாயம்.

நூறைத் தொடும் நேரத்திலும் கவனம் தேவை. ஐரோப்பாவில் மணிக்கு 100 கி.மீ., அமெரிக்காவில் 60 மைல். 60 மைல் என்பது 96.6 கி.மீ.தான். போதாக்குறைக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் சில, கார் முதல் ஒரு அடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுகின்றன. ஆகவே அங்கே 812-க்கு 2.9-ஐவிடக் குறைவான நேரம் வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. இந்த மாதிரி காருக்கு 0-200 நேரம்தான் உருப்படியான அளவு என்பது என் கட்சி. 812-க்கு அது 7.9 விநாடி. நூறுவரை டயரின் பிடிப்பே பாதியைத் தீர்மானித்துவிடும்.

உச்ச வேகம் ‘340-க்கு மேல்’ என்றுதான் பட்டியலில் இருக்கிறது. ‘மேல்’ என்பதை விட்டுவிட்டு 340 என்று எழுதினால் அது வேறு தகவல்.

மைலேஜில் 14.9 என்று பார்த்து, லிட்டருக்குப் பதினைந்து கி.மீ. என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 100 கி.மீ. போக 14.9 லிட்டர் என்று அர்த்தம். நம் கணக்கில் லிட்டருக்கு 6.7. அதுவும் பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் எடுத்தது. புதிய முறையில் எடுத்த எண்களோடு நேராக ஒப்பிடக் கூடாது.

டயரில் முன்னால் 275/35, பின்னால் 315/35, இரண்டும் 20 அங்குலம். 35 என்பது மி.மீ. இல்லை, அகலத்தில் 35 சதவீதம். அதனால் எண் ஒன்றாக இருந்தாலும் பக்கச்சுவரின் உயரம் முன்னால் 96 மி.மீ., பின்னால் 110 மி.மீ.

எஞ்சின் முன்னால் இருப்பதால் மூக்குக் கனம் என்று ஊகிப்பதும் தவறு. எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி பின் அச்சோடு சேர்ந்திருக்கிறது. எடை முன்னால் 47, பின்னால் 53 சதவீதம்.

அப்புறம், எந்த 812 என்று பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள். 2019-ல் வந்த மேல்மூடி திறக்கும் ஜிடிஎஸ்ஸின் உலர் எடை 1,600 கிலோ. 0-200 நேரம் 8.3 விநாடி. 2021-ன் காம்பெடிசியோனே 830 குதிரைத்திறன், 9,500 வரை சுற்றும், உலர் எடை 1,487 கிலோ. அதன் டார்க் 692-தான், சூப்பர்ஃபாஸ்ட்டைவிடக் குறைவு. ஆனாலும் ஃபியோரானோவில் உள்ள ஃபெராரியின் சொந்தச் சோதனைத் தடத்தை சூப்பர்ஃபாஸ்ட்டைவிட ஒன்றரை விநாடி முன்னதாகச் சுற்றி முடிக்கிறது.