நட்சத்திரம் பார்த்து டிக்கெட், அதற்கப்புறம் ஓட்டம்

மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தை லண்டனில் கட்டிலில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தோம். அவருடைய ஆங்கிலப் பிறந்தநாளை வைத்து ஆறு மாதம் முன்னாலேயே விமான டிக்கெட் போட்டிருந்தோம். ஊரில் போய் இறங்கிய பிறகுதான், நட்சத்திரம் பதினோரு நாள் தள்ளி விழுகிறது என்றார்கள். லீவு அதற்குள் முடிந்துவிட்டது. மாங்கல்ய தாரணம் நடந்தபோது இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. மனைவி அன்று அழுததை நான் மறக்கவில்லை.

அதனால் அப்பாவுக்கு எண்பது, எனக்கு ஐம்பது, மகளுக்குப் பத்து என்று மூன்றும் ஒரே இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தபோது, முதலில் பஞ்சாங்கத்தைத்தான் திறந்தோம். ஊருக்குப் போய்ப் பெரியவர்களின் விழாவையும் பார்த்து, ஒரு ஓட்டப் பந்தயத்திலும் கலந்துகொண்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டும் ஒரே பயணத்தில் முடியும். நாள் குறிப்பதில் ஒரு வரிசை இருக்கிறது, அவ்வளவுதான்.

விழா நாள் என்பது பிறந்த தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேரும் நாள். ஒரு நட்சத்திரம் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வரும். அப்படி வந்தால் எதை எடுப்பது என்று குடும்பக் குருக்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் பிந்தியதைத்தான் சொல்வார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குத் தமிழ் வருடமும் திரும்ப வர வேண்டும். 1966 ஏப்ரல் நடுவில் தொடங்கிய பராபவ வருடத்தில் பிறந்தவர்களுக்கு, அதே பராபவ மறுபடி வரும் 2026-27இல்தான் சஷ்டியப்த பூர்த்தி. எழுபதுக்குப் பீமரத சாந்தி. சதாபிஷேகம் ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள் என்று கணக்குப் போட்டாலே எண்பது வயது முடிந்து சில மாதங்கள் ஆகிவிடும். எத்தனை மாதம் என்பது குடும்பத்துக்குக் குடும்பம், குருக்களுக்குக் குருக்கள் மாறுகிறது. அப்பா பங்குனியில் பிறந்தவர். எங்கள் குருக்கள் கார்த்திகை மூன்றாம் வாரத்தில் நாள் குறித்துக் கொடுத்தார். அதாவது டிசம்பர் முதல் வாரம்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. அந்தத் தலைமுறையில் பலருக்கும் சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. பாஸ்போர்ட்டை நம்பி நட்சத்திரம் கணித்தால் தப்பாகிவிடும். ஜாதக நோட்டைத் தேடுங்கள். அது இல்லையென்றால் அத்தையையோ பெரியம்மாவையோ கேளுங்கள். "ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம் நாலாம் நாள்" என்பது போல ஒரு குறிப்பு கட்டாயம் கிடைக்கும்.

ஆனால் அந்தச் சான்றிதழ் தேதிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவராக இருந்தால், 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். அது வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். வருடா வருடம் நவம்பரில் கொடுக்கும் வாழ்வுச் சான்றை 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். போன் கேமராவில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வசதியும் வந்துவிட்டது. நாம் கூட இருக்கும்போது பத்து நிமிடத்தில் முடிகிற காரியம் இது. நாம் இல்லாவிட்டால் அவர்கள் வங்கி வாசலில் காத்திருப்பார்கள்.

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பதை வெறும் பழமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் அப்படித்தான். ஆகவே விழாவுக்கு முந்தின நாள் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடவே கூடாது. நாலு நாளாவது இடைவெளி வையுங்கள். டெல்டா பக்கம் விழா என்றால் திருச்சி விமான நிலையத்தைப் பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் வழியாக வருபவர்களுக்குச் சென்னையிலிருந்து ஆறேழு மணி நேரம் காரில் நெரிபடும் வேலை மிச்சம். இங்கிலாந்தில் பள்ளி நாட்களில் பிள்ளையை அழைத்துப் போகத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் வரலாம். தாத்தாவின் விழா என்று விளக்கமாகக் கடிதம் எழுதுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே நவம்பர் கடைசியிலேயே ஆண்டு விடுமுறை வந்துவிடுகிறது.

ரயில் டிக்கெட் முன்பு 120 நாள் முன்னால் கிடைத்தது. 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு ஊரில் இருக்கும் சொந்தக்காரரைப் போடச் சொல்லுங்கள். தட்கலை நம்ப வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் அதற்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம்.

விழாவை நாங்கள் திருக்கடையூரில் வைத்தோம். மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த தலம் என்பதால் ஆயுள் விருத்திக்கான சாந்திகள் அங்கே அன்றாடம் நடக்கின்றன. முகூர்த்த நாளில் பிராகாரம் முழுக்க மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குடும்பத்தின் மந்திரம் இன்னொரு குடும்பத்தின் காதில் விழும். எனக்கு அது பிடித்திருந்தது. அமைதியாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் ஊரில் மண்டபத்திலோ வீட்டிலோ வைத்துக்கொண்டு, திருக்கடையூருக்கு இன்னொரு நாள் அபிராமியைத் தரிசிக்க மட்டும் போகலாம். ஐப்பசியில் விழா என்றால் மாத முதல் நாளிலிருந்தே மயிலாடுதுறையில் காவிரியில் முழுக்குப் போடும் துலா ஸ்நானக் கூட்டம் இருக்கும். கடைசி நாள் கடைமுழுக்கு, கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் வருவார்கள், அறை கிடைக்காது. அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

விழாவில் பெரியவர்களைக் கவனிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹோமம் முடிந்ததும் தம்பதியைப் பலகையில் உட்கார வைத்து, தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்து, கலச நீரைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொருவராக ஊற்றுவார்கள். எங்கள் குடும்பத்தில் இருபத்திரண்டு பேர். பதினைந்தாவது ஆள் ஊற்றும்போது அப்பாவின் தாடை நடுங்குவதைத் தங்கைதான் பார்த்தாள். மழை ஈரத்தோடு கடல் காற்று வேறு. மிச்சம் ஏழு பேரையும் சேர்ந்தாற்போல ஒரே முறையில் ஊற்றச் சொன்னார் குருக்கள். ஆகவே கெட்டியான இரண்டு துண்டு, மாற்று வேட்டி, அம்மாவுக்கு மாற்றுப் புடவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அந்தப் பையை ஒருவர் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அறைக்குப் போய் எடுத்து வரலாம் என்று விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக் குருக்களிடமும் சொல்லிவிடுங்கள்; நடுவில் பால் குடிக்க யாரும் தடை சொல்வதில்லை. மூச்சிரைப்பு உள்ளவர் என்றால் ஹோமப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஆசனம் போடச் சொல்லுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை முகூர்த்தமே நல்லது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். பந்தயத்தை எப்போதும் விழாவுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்துக் கால் பிடித்துக்கொண்டால் அப்பாவுக்கு நமஸ்காரம் செய்யக்கூட முடியாது. இடையில் ஒரு வாரம் கிடைத்தால் உடம்பு நேர மாற்றத்துக்கும் பழகிவிடும். ஊரில் பந்தயங்கள் வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே தொடங்குகின்றன. காலை ஐந்து மணி ஓட்டம் என்பது லண்டன் உடம்புக்கு முந்தின இரவு பதினொன்றரை. டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தான் நடக்கிறது. 2013இல் தொடங்கியது, புற்றுநோய் விழிப்புணர்வுக்காக நடத்துகிறார்கள், 21.1, 10, 5 கிலோமீட்டர் என்று குடும்பத்துக்கே ஏற்ற தூரங்கள். நான் ஐம்பதுக்காக 21, மகள் பத்துக்காக 5 என்று பதிவு செய்தோம். ஜனவரி வரை இருப்பவர்களுக்கு மாதத் தொடக்கத்தில் சென்னை மாரத்தான். மயிலாடுதுறையிலிருந்து கோவைக்குப் பகலிலேயே ஜன்சதாப்தி ரயில் இருக்கிறது, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு வழியாக. உட்கார்ந்தே போகலாம் என்பதால் அப்பாவும் வந்தார். அக்கா வீடு கோவையில்.

பதிவு செய்யும்போது அவசரத் தொடர்புக்கு இந்திய எண்ணைக் கொடுங்கள். பந்தயத்தில் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையைப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே நேரில் போய் வாங்க வேண்டும், பந்தயக் காலையில் தர மாட்டார்கள்.

இடைப்பட்ட நாட்களில் எங்கே ஓடுவது? திருக்கடையூரில் தங்கியிருந்தால் ஏழெட்டு கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வாசலிலிருந்து கடலோரமாக விடியற்காலையில் ஓடினேன், வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தி, "யாரைத் துரத்துறீங்க?" என்றார். கோவையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், தனியாக ஓடும் பெண்களுக்கும் தயக்கம் இருக்காது. சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை. சென்னை ரன்னர்ஸ் குழுவுக்கு நகரின் பல பகுதிகளிலும் கிளைகள் இருக்கின்றன, கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

தெரு நாய்களை லேசாக நினைக்காதீர்கள். நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடந்து போங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஊசி இலவசம். விமானம் ஏறின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிற விஷயமே இல்லை.

ஷூ இரண்டு ஜோடி கொண்டு போங்கள். மழையில் நனைந்தால் உள்ளே தினத்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் மறுநாள் காய்ந்துவிடும். வியர்வை லண்டனைவிட நிறையப் போகும், வெறும் தண்ணீர் போதாது. மருந்துக் கடையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்கிக் கரைத்துக் குடியுங்கள். விழா விருந்தில் வடை, பாயசம், அதிரசம் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிடலாம். ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மட்டும் இட்லி, தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாளை முழுசாகக் காலியாக விடுங்கள். அன்று ஜவுளிக் கடையும் வேண்டாம். நாங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குடும்பத்தில் எல்லோருடைய தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் ஒரு நோட்டில் எழுதினோம். மகள் எழுதினாள், தாத்தா எழுத்துக் கூட்டிச் சொன்னார். உத்திரட்டாதிக்கு எங்கே ஒற்று வரும் என்று இருவருக்கும் வாக்குவாதம். அது அம்மாவுடையது, தை மாதம். அம்மாவுக்கு எண்பது வர இன்னும் நாலு வருடம் இருக்கிறது.