720-ஐ 576-ஆல் வகுக்காதீர்கள்: டிவி படத்தின் வடிவத்தில் நடக்கும் தவறுகள்

டிவியில் செய்தி வாசிப்பவர் திடீரென்று பத்துக் கிலோ கூடிவிட்டதுபோல் தெரிந்தால் நம் கை முதலில் ரிமோட்டுக்குத்தான் போகிறது. ஜூம், வைட், ஃபுல் என்று அமுக்கிக்கொண்டே போய், ஏதோ ஒன்றில் ஆள் ஆளாகத் தெரிந்ததும் விட்டுவிடுகிறோம். அடுத்த விளம்பரம் வந்ததும் மறுபடி கோணல். டிஜிட்டல் ஒளிபரப்பில் படத்தோடு கூடவே 'என் வடிவம் இது' என்று சொல்லும் சில பிட்டுகள் வருகின்றன. கோணல் தெரிந்தால், பெரும்பாலும் யாரோ அவற்றைத் தப்பாக எழுதியிருப்பார்கள், அல்லது எழுதியதை யாரோ படிக்காமல் விட்டிருப்பார்கள்.

எல்லாரும் முதலில் செய்யும் தவறு, பிக்சல் எண்ணிக்கையை வகுத்துப் பார்ப்பது. சாதா எஸ்டி (எச்டி அல்லாத பழைய தரம்) படம் 720 × 576. வகுத்தால் 1.25. ஆனால் 4:3 என்பது 1.33, 16:9 என்பது 1.78. இரண்டிலும் சேராத ஒரு எண் வருகிறதே என்றால், அங்கே பிக்சல் சதுரமே இல்லை. அதே 720 × 576 கட்டத்துக்குள் 4:3 படமும் வரும், 16:9 படமும் வரும். எது என்று தெரிய ஹெட்டரைத்தான், அதாவது படத்தோடு வரும் அந்தக் குறிப்புப் பிட்டுகளைத்தான், பார்க்க வேண்டும்.

அந்த ஹெட்டரிலும் ஒரு பொறி இருக்கிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறையான எம்பெக்-2-இல் இதற்கென 4 பிட் உண்டு: மதிப்பு 2 என்றால் 4:3, 3 என்றால் 16:9, 4 என்றால் 2.21:1. அதாவது திரையில் தெரிய வேண்டிய வடிவத்தையே நேராகச் சொல்லிவிடுகிறது (1 மட்டும் விதிவிலக்கு, பிக்சல் சதுரம் என்று பொருள்). அதற்குப் பின் வந்த சுருக்கும் முறையான எச்.264 அப்படிச் சொல்வதில்லை. அது ஒரு பிக்சலின் வடிவத்தை மட்டும் தரும். மீதிப் பெருக்கல் நம் வேலை. சில எச்டி ஒளிபரப்புகள் 1440 × 1080-இல் வருகின்றன, அவற்றின் ஹெட்டரில் 4:3 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் படத்தையே 4:3 ஆக்கியவர்கள் உண்டு. அந்த 4:3 பிக்சலுக்கு உரியது. 1440-ஐ 4/3-ஆல் பெருக்கினால் 1920. படம் சுத்தமான 16:9.

சரி, இப்போது 704 விவகாரம். இதில் மணிக்கணக்கில் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன். பழைய 625 வரி அனலாக் படத்தில் ஒரு வரி 64 மைக்ரோ செகண்ட், அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52. நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் மாதிரி (சாம்பிள்) என்ற வேகத்தில் எடுத்தால் 702 மாதிரிகள் கிடைக்கும். ஓரம் வெட்டுப்படாமல் இருக்க இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு 720 என்று வைத்தார்கள். ஆகவே 4:3 என்ற வடிவம் நடுவில் இருக்கும் 702-க்கு, கணக்கு வசதிக்காக 704-க்கு, உரியது. இங்கே ஒரு பிக்சலின் வடிவம் 12/11, 704-ஐ அதால் பெருக்கினால் 768. 768 × 576 சரியாக 4:3. அதே 12/11-ஐ 720-க்குப் போட்டால் 785 சொச்சம் வரும். மென்பொருள் தப்பாகக் கணக்குப் போடுகிறது என்று நினைத்து அதை 768-க்கு இழுத்துவிடுகிறோம். உண்மையில் அந்த 785-இல் ஓரங்களும் சேர்ந்திருக்கின்றன. இழுத்ததில் படம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் ஒல்லியாகிவிட்டது. இன்னொரு பக்கம், கணினியிலேயே உருவான பல படங்கள் 720 முழுவதையும் 4:3 என்று எடுத்துக்கொண்டு செய்யப்பட்டவை. அங்கே 16/15 தான் சரி. ஒருமுறை நடக்கும் 2 சதவீதம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு கட்டத்தில் ஒரு கணக்கு, அடுத்ததில் வேறு கணக்கு என்று நான்கு முறை மாற்றினால் தெரியும். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒளிபரப்பிலிருந்து பதிவு செய்தது என்றால் என் ஓட்டு 704-க்கு.

எச்டியில் இந்தத் தொல்லை இல்லை. சுருக்கும் முறை 16 வரிக் கட்டங்களாக வேலை செய்யும், 1080 என்பது 16-ஆல் வகுபடாததால் உள்ளே 1088 வரிகளாகப் போகும். கடைசி 8 வரிகளை வெட்டச் சொல்லும் குறிப்பை மதிக்காத பிளேயரில் அடியில் ஒரு பச்சைக் கோடோ சாம்பல் கோடோ தெரியும், அவ்வளவுதான்.

ஹெட்டரை ஒருமுறை மட்டும் படிப்பது அடுத்த தவறு, என் கணிப்பில் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். அந்த ஹெட்டர் ஒளிபரப்பில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் நொடிக்கு இரண்டு முறை. பாதியில் மாறவும் செய்யும். ஒருமுறை இரவு ஒரு படத்தைப் பதிவு செய்து வேறு வடிவத்துக்கு மாற்றப் போட்டேன். பதிவின் முதல் இரண்டு நிமிடம் 4:3 விளம்பரங்கள். மாற்றும் மென்பொருள் அதைப் படித்துவிட்டு, பின்னால் படம் 16:9 என்று மாறியதைக் கண்டுகொள்ளவே இல்லை. காலையில் பார்த்தால் படம் முழுக்க எல்லாரும் ஊதுவத்தி. சுவர்க் கடிகாரம் வந்த காட்சியில் நிறுத்தி, மானிட்டரில் ஸ்கேலை வைத்து அளந்தேன்: அகலம் 9 செ.மீ., உயரம் 12. வகுத்தால் 0.75. 16:9 படத்தை 4:3 ஆகக் காட்டினால் இதே எண்தான் வரும். தலைகீழாக நடந்திருந்தால் 1.33 வந்திருக்கும். பிக்சல்கள் அப்படியே இருந்ததால் குறியை மட்டும் மாற்றித் தப்பித்தேன். அளப்பதற்குக் கால்பந்து மைதானத்தின் நடு வட்டத்தை எடுக்காதீர்கள். கேமரா சாய்ந்து பார்ப்பதால் அது எப்போதும் முட்டைதான்.

இனி, சட்டம் (ஃபிரேம்) வேறு, சட்டத்துக்குள் இருக்கும் படம் வேறு. இதைச் சொல்லத்தான் ஏஎஃப்டி (ஆக்டிவ் ஃபார்மட் டிஸ்கிரிப்ஷன்) என்ற தனி 4 பிட் குறி இருக்கிறது. 8 என்றால் சட்டம் முழுக்கப் படம், 9 என்றால் நடுவில் 4:3, 10 என்றால் நடுவில் 16:9, 11 என்றால் நடுவில் 14:9. இதை விகிதக் குறிக்கு மாற்றாக எடுத்துக்கொள்வது தவறு. சட்டம் எது என்று தெரியாமல் இதற்குப் பொருளே இல்லை: 4:3 சட்டத்தில் 10 வந்தால் மேலும் கீழும் கருப்புப் பட்டை, 16:9 சட்டத்தில் 9 வந்தால் இரு பக்கமும் பட்டை. படத்தை மாற்றிவிட்டு இந்தக் குறியையோ, கருப்புப் பட்டைகளின் அளவைச் சொல்லும் குறிப்பையோ மாற்ற மறப்பது அதைவிடக் கொடுமை. 4:3 சட்டத்தில் பட்டையோடு இருந்த படத்தைப் பெரிதாக்கி 16:9 சட்டம் நிறைய வைத்துவிட்டார்கள். இடையில் பட்டைகளின் அளவுக் குறிப்பு மட்டும் பழையதாகவே ஓடுகிறது. அதை நம்பும் கருவி இன்னொரு முறை வெட்டும், தலைகள் போகும்.

ஏஎஃப்டி வரவில்லை என்றால் ஊகிக்காமல் சட்டத்தை அப்படியே காட்டுவதுதான் நல்லது. கருப்புப் பட்டையைத் தானே கண்டுபிடிக்கும் வசதி, இருட்டுக் காட்சி வந்ததும் தடுமாறும். பட்டைக்குள் எழுதியிருந்த சப்டைட்டிலையும் சேர்த்து வெட்டிவிடும். அகலத்திரை சினிமாவுக்கு ஏஎஃப்டி சொல்வது '16:9-ஐவிட அகலம்' என்பது மட்டுமே, எவ்வளவு அகலம் என்பது அதில் இராது. அதற்குப் பட்டைகளின் வரி எண்ணையே தரும் வேறு குறிப்பு உண்டு. நிகழ்ச்சி வழிகாட்டியிலும் 16:9 என்று ஒரு தகவல் வரும், அது பட்டியலுக்கானது. அதை வைத்துத் திரையை மாற்ற வேண்டாம்.

கடைசியாக, இரண்டு இடத்தில் திருத்துவது. எச்டிஎம்ஐ கேபிளிலும் சட்ட வடிவம், உள்ளிருக்கும் பட வடிவம் இரண்டும் போகின்றன. செட்டாப் பாக்ஸ் ஒருமுறை இழுத்து, டிவி மறுமுறை இழுத்தால் என்ன ஆகும்? பாக்ஸ் மெனுவில் 'டிவி 4:3' என்று கிடந்தால் பாக்ஸ் மேலும் கீழும் பட்டை போடும், டிவி பக்கவாட்டில் போடும், படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி நடுவில் நிற்கும். பாக்ஸில் உங்கள் டிவியின் உண்மையான வடிவத்தைச் சொல்லிவிட்டு, டிவியை ஆட்டோவில் விடுங்கள்.

அப்புறமும் கோணலாக இருந்தால் மூலையில் இருக்கும் சேனல் லோகோவைப் பாருங்கள். பொதுவாக லோகோவை ஒளிபரப்பின் கடைசிக் கட்டத்தில்தான் ஒட்டுகிறார்கள். லோகோவும் ஆளும் சேர்ந்து நசுங்கியிருந்தால் குறியிலோ உங்கள் கருவியிலோ கோளாறு. லோகோ வட்டமாக இருந்து ஆள் மட்டும் குண்டாக இருந்தால், நிலையத்துக்குள்ளேயே படம் இழுக்கப்பட்டுவிட்டது. ரிமோட்டைக் கீழே வைத்துவிடலாம்.