டெல்லிக்கு வந்ததும் காதில் விழும் 'புட் அப்'

எஸ்.எஸ்.சி. தேர்வில் தேறி, மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்து இறங்கியிருக்கிறீர்களா? இந்தியை நினைத்துத்தான் பயந்துகொண்டு வந்திருப்பீர்கள். ஆனால் முதல் வாரத்தில் உங்களைக் குழப்பப்போவது ஓர் இங்கிலீஷ் சொல்: புட் அப்.

முதலில் இதை ஆர்.கே.புரம் மலை மந்திரில் கேட்பீர்கள். பிரசாத வரிசையில் நிற்கும் மாமி சொந்த ஊரையெல்லாம் தமிழில் விசாரித்துவிட்டு, "வேர் ஆர் யூ புட் அப்?" என்பார். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கிறார். "முனிர்கா", "கரோல் பாக்" என்று சொன்னால் போதும். "ஐ ஆம் புட் அப் அட் முனிர்கா" என்றாலும் இங்கே யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இங்கிலாந்துக்காரர் கேட்டால் மட்டும், யாரோ தம் வீட்டில் இரண்டு நாள் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். அவர்களிடம் 'லிவ்' என்றே சொல்லிவிடுங்கள்.

சரி, விஷயம் ஆபீஸில்தான் இருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள், செக்‌ஷன் ஆபீசர் ஒரு கடிதத்தின் ஓரத்தில் "ப்ளீஸ் புட் அப்" என்று எழுதி அனுப்பினார். புட் என்றால் வை, அப் என்றால் மேலே. அவர் மேசையில் இருந்த காகித அடுக்கின் உச்சியில் அதைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கடிதம் திரும்பி வந்தது. கூடவே அவரும் வந்தார்.

ஆபீஸ் பாஷையில் புட் அப் என்றால் பெரிய வேலை. சம்பந்தப்பட்ட ஃபைலைத் தேடி எடுத்து, கடிதத்தை அதில் சேர்த்து, விதி என்ன, முன்பு என்ன முடிவானது, இப்போது என்ன செய்யலாம் என்று நோட் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பவேண்டும். 'ப்ரஸ்துத் கரேங்' என்று இந்தியில் எழுதியிருந்தாலும் இதேதான். பச்சை நோட் ஷீட் போய், ஃபைலைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பும் இ-ஆபீஸ் வந்த பிறகும் சொல் மாறவில்லை. "புட் அப் ஆன் 15" என்றிருந்தால், 15ஆம் தேதி மறக்காமல் ஃபைலை மறுபடி அனுப்பவேண்டும்.

"புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்" என்றும் வரும். 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே அது இல்லை. பழைய காகிதங்களையும் சேர்த்து அனுப்பு என்கிறார். (அந்தத் தூசியைச் சகித்துக்கொள்ளவும் வேண்டியிருக்கும், அது வேறு.)

பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஃபைலை 'இட்' என்று சொன்னால் அது நடுவில் வரும்: "புட் இட் அப்". "புட் அப் இட்" கிடையாது. சகித்துக்கொள்வதில் மூன்று சொற்களும் பிரியாது: "ஐ கான்ட் புட் அப் வித் இட்". வாடகை குறைவு என்று பர்சாத்தி எனப்படும் மொட்டைமாடி அறையில் குடியேறியிருந்தால், மே மாதம் இந்த வாக்கியம் தானாகவே வாயில் வரும்.