செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள்

நான் முதலில் சேர்ந்த கல்லூரியை அதன் ஆண்டு விழாவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மேளம், நடனம், மைதானம் கொள்ளாத கூட்டம். பதினேழு வயதில் வேறென்ன வேண்டும்? சேர்ந்த இரண்டாவது வாரம்தான் தெரிந்தது: நாலு பத்துக்கு பஸ்கள் கிளம்பும், நாலரைக்கு வளாகத்தில் காவலாளியும் நானும்தான் இருப்போம். அந்த விழாவை நடத்தியதெல்லாம் ஏற்கெனவே ஒன்றாகப் படித்துவிட்டு வந்த ஒரு அறுபது பேர். மற்றவர்கள் பார்வையாளர்கள். வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் தேடுகிற எனக்கு அது சரியான இடமே இல்லை. ஒரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு வேறு கல்லூரிக்கு மாறினேன்.

அதற்கப்புறம் தம்பிக்காகவும் அண்ணன் மகனுக்காகவும் பல கல்லூரிகளுக்குப் போய் வந்துவிட்டேன். பாடத்திட்டம், வேலைவாய்ப்பு எல்லாம் நீங்களே விசாரித்துவிடுவீர்கள். அங்கே பழகும் முறை நமக்கு ஒத்துவருமா என்பதை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

கல்லூரியைப் பார்க்கும் முன் சேரப்போகிறவரைப் பாருங்கள். "நான் எல்லார்கூடவும் நல்லா பழகுவேன்" என்றான் தம்பி. சரி, இரண்டு வாரம் தினமும் ராத்திரி ஒரே ஒரு வரி எழுது என்றேன்: இன்று எப்போது சந்தோஷமாக இருந்தாய், கூட யார் இருந்தார்கள். பதினாலு நாளில் பதினோரு நாள் அதே இரண்டு நண்பர்கள், அதே பழைய சைக்கிள், கை நிறைய கிரீஸ். அவனுக்குத் தேவை பெரிய கலைவிழா இல்லை, சாயங்காலம் பூட்டாத ஒரு ஒர்க்‌ஷாப். அந்த நோட்டு இல்லாவிட்டால் அவனும் மேளத்துக்குப் பின்னால்தான் போயிருப்பான்.

அடுத்து, அட்மிஷனுக்காக அவர்களே அழைக்கும் நாளில் போனாலும் போங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெண் பார்க்கும் வீடு மாதிரிதான் அன்று எல்லாம் இருக்கும். அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு சாதாரண செவ்வாயோ புதனோ போய், மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை இருங்கள். நோட்டீஸ் போர்டில் கடைசியாக ஒட்டிய தாளின் தேதியைப் பாருங்கள். எட்டு மாதப் பழைய கிளப் அறிவிப்பு மட்டும் தொங்கினால் அந்த கிளப் பேருக்குத்தான் இருக்கிறது. விழாப் படங்களில் முகங்களை எண்ணுங்கள். ஒரு கல்லூரியின் இணையப் பக்கத்தில் நாற்பது படங்களில் திரும்பத் திரும்ப ஒன்பது முகங்களே வந்தன.

எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது கேன்டீன். ஒரு கல்லூரியில் ஒரு பெண் தட்டோடு நின்றாள். நாலு மேஜையில் காலி நாற்காலிகள், எல்லாவற்றிலும் பைகள். யாரும் அவளைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. பையைத்தான் எடுக்கவில்லை. அவள் சுவரோரத் திண்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னொரு கல்லூரியில் இதே போல ஒருவன் நின்றபோது, போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் ஒரு பையன் தன் பையை இழுத்துக் கீழே போட்டான். அவர்கள் இருவரும் கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை. இருந்தாலும் இரண்டாவது கல்லூரிக்கு என் நோட்டில் பெரிய டிக் போட்டேன். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்களா, அவசரமாக முடித்துவிட்டு ஓடுகிறார்களா என்று கவனியுங்கள்.

அப்புறம் கேள்விகள். "காலேஜ் எப்படி இருக்கு?" என்றால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "போன செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மேல என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை? உங்கள் டிபார்ட்மென்ட் அல்லாத ஒருவரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? பாதியில் விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள்? சுற்றிக்காட்ட அனுப்பப்பட்ட மாணவரிடம் கேட்டுப் பயனில்லை. மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு ஆட்களே சரி. புதுசில் பட்ட கஷ்டம் அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. பெற்றோர் தள்ளி நில்லுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: "இங்க எல்லாரும்" என்று தொடங்கும் பதிலைப் பாதி நம்புங்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டிஸ், மில்லர் என்ற உளவியலாளர்கள் இருவர் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வளாகத்துக் குடிப்பழக்கம் தங்களுக்கு உறுத்துகிற அளவுக்கு மற்றவர்களுக்கு உறுத்தவில்லை என்று மாணவர்கள் நினைத்திருந்தார்கள். உள்ளூர எல்லோருக்குமே ஓரளவு சங்கடம்தான். அதனால் "எல்லாரும் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்காமல் "நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். குடிக்காதவர், பார்ட்டிக்குப் போகாதவர் சனிக்கிழமை ராத்திரியை எப்படிக் கழிக்கிறார் என்று அப்படித்தான் தெரியவரும்.

ராகிங் பற்றி நேராகவே கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் சும்மா ஜாலிக்கு" என்று சிரித்தால் நான் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

ஹாஸ்டலில் அறை ஒதுக்கும் முறையைக் கேட்க மறந்துவிடாதீர்கள். நண்பர்களை நாமே தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம், பாதி வேலையைக் கதவுகள் செய்துவிடுகின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரின் குழு நடத்தி 1950இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்களாகச் சொல்லப்பட்டார்கள். அதே தளத்தின் மறு கோடியில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். அதனால் குலுக்கலில் அறை தருகிறார்களா, மதிப்பெண் வரிசையிலா, ஒரே துறையினரை ஒரே தளத்திலா, பொதுவாக உட்கார ஒரு கூடம் உண்டா என்று பாருங்கள். கேட் மூடும் நேரம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றால், ஏழு மணிக்கு மேல் நடக்கும் நாடக ஒத்திகையில் யார் இருப்பார்கள் என்பதை அந்த விதியே முடிவு செய்துவிடும். விதிகளைக் கையில் வாங்கிப் படியுங்கள்.

வீட்டிலிருந்து போய் வருகிறவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரப் பழக்கம் வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்றால் இந்த நேரம் எங்கிருந்து வரும்? பஸ்ஸிலேயே கூட்டாளி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அண்ணன் மகன் விஷயத்தில் என் நோட்டில் முதலிடம் பிடித்த கல்லூரியை அவன் எடுக்கவில்லை. இரண்டாவதாக இருந்ததன் நூலகப் படிக்கட்டில் மூன்று பேர் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் குதிரை ஒன்று தொலைந்து, அதன் இடத்தில் பாட்டில் மூடி. இவன் நின்று பார்த்ததும் ஒருவன் படியில் நகர்ந்து இடம் விட்டான். நாற்பது நிமிடம் நான் கீழே காத்திருந்தேன். "அத்தை, இங்கேயே சேர்ந்துடறேன்" என்றான் இறங்கி வந்து. என் பட்டியலை எடுத்து, அங்கே பஸ் வசதி சுமார், கிளப் குறைவு என்றெல்லாம் வாசித்துக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். இப்போது இரண்டாம் வருடம். சாயங்காலம் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. போன வாரம் அவனாகக் கூப்பிட்டு, அடுத்த முறை வரும்போது ஒரு கறுப்புக் குதிரை வாங்கி வரச் சொன்னான். தனியாக ஒரு குதிரையை யார் விற்பார்கள் என்றுதான் தெரியவில்லை.