மூடிக் கிடந்த நீச்சல் குளத்தைத் திறக்கிறீர்களா? குளோரினை இரவிலும் விடியலிலும் அளந்து பாருங்கள்

பல மாதம் மூடிக் கிடந்த குளத்தின் விரிப்பை விலக்கியதும் பெரும்பாலானவர்கள் குளோரினைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தால் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள். நான் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். இப்போது பேரப்பிள்ளைகள் நீந்தும் எங்கள் வீட்டுக் குளத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். தண்ணீரின் தெளிவை மட்டும் பார்த்து அவர்களை நான் இறங்க விடுவதில்லை. இரவில் எவ்வளவு குளோரின் இருந்தது, விடியும்போது எவ்வளவு மிஞ்சியது என்ற இரண்டு எண்களும் கையில் இருந்தால்தான் இறங்க விடுவேன்.

முதலில் குப்பை. விரிப்பின் மேல் தேங்கிய அழுக்கு நீர் குளத்துக்குள் சரிந்துவிடாமல் இறைத்து வெளியே ஊற்றுங்கள். அடியில் கிடக்கும் இலைகளை வலையால் அள்ளி, சேற்றை உறிஞ்சி எடுங்கள். உள்ளே விட்ட இலை ஒவ்வொன்றும் நீங்கள் ஊற்றப்போகும் குளோரினில் பங்கு கேட்கும். பிறகு தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்து, பம்பையும் ஃபில்டரையும் ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். கலக்காத தண்ணீரில் எடுத்த அளவு, எடுத்த இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

பம்ப் ஓடும் நேரத்தில் குளத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டுவிடலாம். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வருவதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். அடித்தளம் சரிவாக இருந்தால் ஆழம் குறைந்த முனையையும் கூடிய முனையையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் சராசரி ஆழம் என்றால் 48,000 லிட்டர். ஒரு பிபிஎம் என்பது ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம். ஆகவே இந்தக் குளத்தில் குளோரினை ஒரு பிபிஎம் உயர்த்த 48 கிராம் குளோரின் வேண்டும். உங்கள் குளத்துக்கான எண்ணைப் பம்ப் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். இனி எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் விதத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். சோதனைக் குழாயைக் குளத்து நீராலேயே இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, முழங்கை முழுகும் ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் வாயிலிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில், வெள்ளைப் பின்னணியில், கண் மட்டத்தில் பிடித்து நிறத்தைப் படியுங்கள். மஞ்சளாக மாறும் ஓடிஓ சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டும் காட்டும். திறக்கும் நேரத்தில் அது போதாது. இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி கிட் வாங்குங்கள். அது அழுக்கோடு சேராமல் வேலைக்குத் தயாராக இருக்கும் கட்டற்ற குளோரினையும் மொத்தக் குளோரினையும் தனித்தனியே சொல்லும். மொத்தத்திலிருந்து கட்டற்றதைக் கழித்தால் வருவது, அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்த குளோரின். டிபிடியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த இளஞ்சிவப்பே வெளுத்துப்போய்த் தண்ணீர் நிறமின்றித் தெரியும். குளோரினே இல்லை என்று எண்ணி மேலும் ஊற்றிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் மாதிரியோடு சம அளவு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை இரட்டிப்பாக்குங்கள்.

குளோரின் ஊற்றுமுன், தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2 முதல் 7.4 வரைக்குள் கொண்டுவாருங்கள். கிருமியை விரைந்து கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். ஸ்டெபிலைசர் (வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் பொருள்) கலக்காத தண்ணீரில் பிஎச் 7.5 இருக்கும்போது கட்டற்ற குளோரினில் ஏறக்குறைய பாதி இந்த வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் கால் பங்குதான். இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டிவிட்டால் பிஎச் சோதனையின் நிறத்தை நம்ப முடியாது. பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம்முக்குள் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

அடுத்து ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம். பலர் இதை அளப்பதே இல்லை. வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது இதன் வேலை. ஆனால் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதன் வேகத்தையும் இது குறைத்துவிடுகிறது. அதனால் ‘குளோரின் 3 இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் எனக்கு எதுவும் விளங்காது; ஸ்டெபிலைசர் எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில், கிட்டின் மருந்து கலந்து கலங்கிய மாதிரியைச் சிறுகச் சிறுக ஊற்றி, புள்ளி மறையும் இடத்தில் அளவைப் படிக்கும் கிட் கிடைக்கிறது. திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பிபிஎம் போதும்.

அன்றாடம் இருக்க வேண்டிய கட்டற்ற குளோரின், ஸ்டெபிலைசர் அளவில் குறைந்தது 7.5 சதவீதம் என்றும், திறக்கும்போது பாசியையும் கிருமியையும் அழிக்க 40 சதவீதம் என்றும் நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். ஸ்டெபிலைசர் 30 என்றால் 12 பிபிஎம் வரை ஏற்ற வேண்டும். அதுவே 100 என்றால் 40 பிபிஎம் தேவைப்படும். அதை நாள்கணக்கில் தாங்கிப் பிடிப்பது பணத்துக்கும் கேடு, உழைப்புக்கும் கேடு. ஸ்டெபிலைசர் ஆவியாகிப் போகாது. பாதித் தண்ணீரை மாற்றினால் பாதியாகும், அதுதான் எளிய வழி. குளத்தை ஒரேயடியாக வற்றவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில் காலிக் குளம் கீழிருந்து தூக்கப்பட்டு விரிசல் விடும்.

சில குளங்களில் மூடும்போது இருந்த ஸ்டெபிலைசர் திறக்கும்போது காணாமல் போயிருக்கும். பாக்டீரியா அதைத் தின்று அம்மோனியாவாக மாற்றியிருக்கலாம். அப்படியானால் ஊற்றிய குளோரின் சில நிமிடங்களில் மறைந்துவிடும். வாங்கிய குளோரின் போலியானதோ என்று தோன்றும். மனம் தளராமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் குளோரின் நிற்கத் தொடங்கும்.

திறக்கும் வேலைக்கு நான் திரவக் குளோரினைத்தான் எடுப்பேன். அது ஸ்டெபிலைசரையும் கூட்டாது, கால்சியத்தையும் கூட்டாது. நாள்பட்டாலோ வெயில் பட்டாலோ அதன் வீரியம் இறங்கிவிடும், ஆகவே புதிதாகத் தயாரானதைக் கேட்டு வாங்குங்கள். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் நல்லதுதான், ஆனால் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். மெதுவாகக் கரையும் ட்ரைகுளோர் மாத்திரை இந்த வேலைக்கு ஆகாது. அது பிஎச்சை இறக்கும், 10 பிபிஎம் குளோரின் தரும்போதே ஏறக்குறைய 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் சேர்த்துவிடும். நம் 48,000 லிட்டர் குளத்தைச் சுழியத்திலிருந்து 12 பிபிஎம்முக்கு ஏற்ற 576 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீதத் திரவம் என்றால் ஏறக்குறைய 5.75 லிட்டர். 65 சதவீதத் தூள் என்றால் சுமார் 890 கிராம்.

இந்த எச்சரிக்கையை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பிஎச்சை இறக்கும் அமிலமும் குளோரினும் ஒன்றோடொன்று சேர்ந்தால் நச்சு வாயு எழும். ட்ரைகுளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றுக்கு எடுத்த கரண்டியை மற்றொன்றில் விடாதீர்கள், ஒரே அலமாரியில் அடுக்காதீர்கள். தூளைக் கரைக்கும்போது வாளியில் தண்ணீர் முதலில், தூள் பிறகு. ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்று உங்கள் முகத்தை நோக்கி வராத பக்கம் நில்லுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

பொழுது சாய்ந்ததும், பம்ப் ஓடிக்கொண்டிருக்க, தண்ணீர் திரும்பி வரும் வாயில் முன் மெதுவாக ஊற்றுங்கள். சுவர், படிக்கட்டு, ஏணியின் பின்புறம், விளக்குக் குழி எல்லாவற்றையும் தேய்த்துவிடுங்கள். தேய்க்காத மூலையில் ஒட்டியிருக்கும் பாசி மறுபடி எல்லா இடத்துக்கும் பரவும். முதல் ஓரிரு நாள் குளோரின் வேகமாக இறங்கும். அளப்பதும் மறுபடி 12-க்கு ஏற்றுவதுமாகப் பகலிலும் சில முறை செய்ய வேண்டியிருக்கும். செத்த பாசி ஃபில்டரை அடைக்கும். சுத்தமாக இருந்தபோதைய அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடினால் ஃபில்டருக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு அலசுங்கள். குளோரின் விட்டதும் தண்ணீர் பழுப்பானால் அது பெரும்பாலும் இரும்பு. நிலத்தடி நீரால் நிரப்பிய குளங்களில் பார்க்கலாம். செம்பு கலந்த பாசி மருந்தை நான் தொடுவதில்லை. நீச்சலடிப்பவர்களின் தலைமுடி பச்சையாவதற்குக் காரணம் அந்தச் செம்புதான், பழி மட்டும் குளோரினுக்கு.

இனி இரவுச் சோதனை. வெயில் போனபின் கடைசியாக ஊற்றி, ஒரு மணி நேரமாவது கலக்க விட்டு, கட்டற்ற குளோரினை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் எதுவும் சேர்க்க வேண்டாம், பம்ப் ஓடட்டும். விடிந்து, வெயில் தண்ணீரில் விழுமுன் மறுபடி அளந்து பாருங்கள். இரவில் குளோரினைச் சிதைக்கச் சூரியன் இல்லை. ஆகவே குறைந்தது எவ்வளவோ, அதைத் தின்றது தண்ணீரில் இன்னும் இருக்கும் உயிரும் அழுக்கும்தான். தெளிந்த தண்ணீரில்கூடப் பாசி இருக்கலாம்; கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசியை இந்தக் கழித்தல் காட்டிக்கொடுத்துவிடும். வித்தியாசம் 1 பிபிஎம்முக்குள், அழுக்கோடு சேர்ந்த குளோரின் 0.5-க்குள் இருக்க வேண்டும்; ஆழமான இடத்தின் அடி வடிகால் பளிச்சென்று தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று தேறாவிட்டாலும் அன்றைக்கும் அதே வேலைதான். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் குளோரின் கூடிவிட்டது என்று பயந்து நிறுத்தாதீர்கள். அந்த நெடி பெரும்பாலும் அழுக்கோடு சேர்ந்த குளோரினுடையது. கட்டற்ற குளோரினை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டு, விரிப்பைத் திறந்து காற்றும் வெயிலும் பட விட்டால் போகும்.

மூன்றும் தேறிய பிறகு ஊற்றுவதை நிறுத்துங்கள், வெயிலே குளோரினை இறக்கிவிடும். 4 பிபிஎம்முக்குக் கீழே வந்தபின் பிஎச்சை மறுபடி பார்த்துவிட்டுத்தான் எங்கள் பிள்ளைகளை நான் இறங்க விடுவேன். முதல் வாரம் தினமும் காலையிலும், அவர்கள் கரையேறியபின் மாலையிலும் அளந்து பாருங்கள். நம் குளத்தில் ஒரு பகலில் 2 பிபிஎம் குறைகிறது என்றால் 96 கிராம் குளோரின் செலவாகியிருக்கிறது. அன்று மாலை ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான திரவம் ஊற்ற வேண்டும். கூட்டமாக நீந்திய நாளிலும் மழை கொட்டிய நாளிலும் இந்தக் கணக்கு மாறும், அன்றைக்கு அளந்துவிட்டே ஊற்றுங்கள்.