கோயாசான் மலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானின் வாகாயாமா மாநிலத்தில், ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோயாசான். கூக்காய் என்ற துறவி 816இல் ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவுக்காக அமைத்த மலையூர் இது. 2004இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒசாகாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பப் பலர் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம், ஓர் இரவு தங்குங்கள். இந்த மலையின் அருமை மாலையிலும் விடியற்காலையிலும்தான் தெரியும்.

1. முதலில் தங்க இடம்

சுமார் 50 கோயில்களில் பயணிகள் தங்கலாம், சுகுபோ என்பார்கள். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும், அதனால் ஐந்துக்குள் போய்ச் சேருங்கள். இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. ஜப்பானில் காய்கறி சூப்பில்கூட மீன்சாறு கலந்திருக்கலாம். இங்கே கடற்பாசியும் காளானும் போட்டுச் சாறு எடுக்கிறார்கள். சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். எள்ளில் செய்யும் கோமாதோஃபுவை விட்டுவிடாதீர்கள்.

2. மலை ஏறுவது

ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனில் நான்காய் ரயில் ஏறி கொகுராகுபாஷியில் இறங்குங்கள். அங்கிருந்து கேபிள் கார், ஐந்து நிமிடம். அப்புறம் பஸ். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. டான்ஜோ காரன்

இது கோயாசானின் முக்கியக் கோயில் வளாகம். சிவப்பு வண்ணப் பெருங்கோபுரமான கொன்போன் தாய்தோ இங்கேதான். அதைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் மேற்குப் பக்கம் போங்கள். மலைத் தெய்வங்களான நியு, கோயா இருவருக்கும் ஷிந்தோ சன்னதி உண்டு; ஷிந்தோ என்பது ஜப்பானின் சொந்தத் தெய்வ வழிபாடு. இரண்டு நாய்களோடு வந்த வேட்டைக்காரன் கூக்காய்க்கு இந்த மலையைக் காட்டினான் என்பது ஐதீகம்.

ஷிந்தோ சன்னதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்க வேண்டும். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அகப்பையால் மொண்டு முதலில் இடது கை, பிறகு வலது கை. இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். அகப்பையை வாயில் வைக்கவே கூடாது. கடைசியில் அதை நிமிர்த்திப் பிடித்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து காம்பையும் கழுவிவிடும்.

4. ஒகுனோயின்

இது பெரிய கல்லறைத் தோட்டம். இச்சிநோஹாஷி பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை, செடார் (cedar) மரங்களுக்கு நடுவே. இருபுறமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். அவசரப்படாதீர்கள். ஒருவரோடொருவர் பலமுறை போரிட்ட படைத்தலைவர்களான தகேதா ஷிங்கெனுக்கும் உயேசுகி கென்ஷினுக்கும் இதே பாதையில்தான் நினைவிடங்கள். பல கல்லறைகளில் ஐந்து கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழிருந்து சதுரம் நிலம், உருண்டை நீர், கூரை போன்றது தீ, அரைவட்டம் காற்று, உச்சிக் கல் ஆகாயம். நம் பஞ்சபூதங்களேதான்.

கொபியோபாஷி பாலத்தைத் தாண்டினால் கூக்காயின் சமாதி வளாகம். அவர் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி, தினமும் காலையில் இரண்டு வேளை உணவு கொண்டுபோய் வைக்கிறார்கள். பாலத்துக்கு அப்பால் போட்டோ கூடாது, சாப்பிடக் கூடாது.

5. மறுநாள்

காலை ஆறு மணி வாக்கில் சுகுபோவில் வழிபாடு. சில கோயில்களில் கோமா என்னும் தீ வேள்வியும் உண்டு. இந்திய ஹோமம் சீனா வழியாக இங்கே வந்தது. கிளம்புமுன் நியோனின்தோ என்ற பெண்கள் மண்டபத்தைப் பாருங்கள். 1872இல் அரசு தடையை நீக்கும்வரை பெண்கள் மலைக்குள் வர முடியாது. நுழைவாயில்களில் இருந்த இத்தகைய மண்டபங்களோடு அவர்கள் நின்றுவிட வேண்டும். மிஞ்சியது இது ஒன்றே. ஊரிலிருந்து நடந்தே போகலாம். அங்கிருந்து கேபிள் கார் ஸ்டேஷன்வரை பஸ்ஸில்தான் போக வேண்டும், அந்தச் சாலையில் நடக்க அனுமதி இல்லை.